வைத்தியர் பக்கம்: மயில் என்றொரு மீன்



இப்பகுதியில் நான் வழக்கமாகச் சலரோகம், குருதியமுக்கம், முழங்கால் வாதம் என்று எழுதிவருவதை அறிவீர்கள். இம்முறை மீன் வளர்ப்பைப் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு. சென்ற தைப்பூசத்தன்று அன்னதான மண்டபத்தில் நண்பர் ஒருவர், "டொக்டர் வீட்டிலே மீன் வளர்க்கிறாராம். குழம்புக்கோ, பொரியலுக்கோ?" என்று பத்துப் பேர் கேட்கும்படியாகக் கேட்டார். அன்றிலிருந்து என் சுகத்தை விசாரிப்பவர்களிலும் மீனின் சுகத்தை விசாரிப்பவர்களே அதிகம். சிலர் பகிடிக்குக் கேட்கிறார்கள். சிலரோ, வீட்டில் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், வாங்கிக் கொடுக்கலாமோ என்று உண்மையாகவே ஆலோசனை கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் மறுமொழி சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

ஐம்பத்தைந்து வயது வரை நான் எந்தப் பிராணியையும் வளர்த்தவனல்லன். யாழ்ப்பாணத்து வீட்டில் ஆடுகளும் ஒரு நாயும் இருந்தன. அவற்றைப் பார்த்தவர் அம்மா. இரண்டு வருடங்களுக்கு முன் புரட்டாதி மாதம், எங்கள் ஒரே மகள் கிங்ஸ்ரன் நகருக்குப் படிக்கப் போனபோது, தன் அறையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த நீலப்பச்சை நிற மீனை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாத்துக்கொள்ளுங்கோ அப்பா" என்றாள். கடைக்காரர் அவளுக்குச் சொன்னது, இந்தச் சாதி மீனுக்குக் கிண்ணமே போதும், ஒரு கரைச்சலும் இல்லை என்பது.

கிண்ணத்தில் இரண்டு லீற்றர் தண்ணீர்கூட இல்லை. மீன் அடியிலே செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. வீட்டின் வெப்பம் 20 பாகை. அதற்கு வேண்டியதோ 26 பாகை அளவு. காய்ச்சல்காரன் ஒருவனைக் கட்டிலில் கண்டதுபோல எனக்கு இருந்தது. அன்றிரவு நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, மீன் வளர்ப்பு என்பது முக்கால் பங்கும் தண்ணீர் வளர்ப்பு என்பதும், அந்தத் தண்ணீரின் கதை நான் முப்பது வருடமாகப் பார்த்துவரும் வைத்தியத்தின் கதையே என்பதும் விளங்கியது. என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான்.

முதலில் குழாய்த் தண்ணீர். ரொறன்ரோவின் தண்ணீர் ஒன்ராறியோ வாவியிலிருந்து வருகிறது. கிருமிகளைக் கொல்லக் குளோரின் இடுவதோடு, சிறிது அமோனியாவும் சேர்த்து அதைக் குளோரமீன் ஆக்கி அனுப்புகிறார்கள். வெறும் குளோரின் நெடுந்தூரக் குழாய்களில் விரைவில் அழிந்துவிடும்; குளோரமீன் நிலைத்து நிற்கும். ஊரில் வாளியிலே தண்ணீரை ஓரிரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று பழகியவர்கள் நாங்கள். இங்கே அந்த வித்தை பலிக்காது. குளோரமீன் மறுநாளும் அங்கேதான் இருக்கும். எங்களுக்கு அதனால் தீங்கில்லை. வயிற்றில் போய்ச் சிதைந்துவிடும். மீனுக்கோ அது செவுள் வழியாக, எங்களூரில் பூ என்போமே அதன் வழியாக, நேரே குருதியில் சேர்ந்துவிடுகிறது.

மனிதரிலும் இதே ஆபத்துக்கு உட்பட்ட ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். ஒரு தடவைச் சுத்திகரிப்புக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் பாவிக்கப்படுகிறது; அவர்களின் குருதிக்கும் அத்தண்ணீருக்கும் இடையே மெல்லிய ஒரு சவ்வுதான். குளோரமீனை அகற்றாத தண்ணீர் சென்றால் செங்குருதிக் கலங்கள் உடையும். ஆகவே ஆஸ்பத்திரிகளில் கரி வடிகட்டி வைத்து அதை அகற்றுகிறார்கள். மீன்காரர் கடையில் விற்கும் தயோசல்பேற்று மருந்தைத் தண்ணீரில் சில துளிகள் விடுகிறார்கள். நம் சங்கத்தில் டயாலிசிஸ் செய்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் என் மீனும் ஒரே பயத்தோடு வாழ்கிறார்கள் என்று இதற்குமுன் நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

அடுத்தது அமோனியா. எங்கள் உடம்பில் உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறது. ஈரல் பழுதானவருக்கு அமோனியா ஏறிப் புத்தி தடுமாறுவதைப் பலர் வீட்டிலே கண்டிருப்பீர்கள். மீனுக்கு இந்தச் சிரமம் இல்லை. அமோனியாவை அமோனியாவாகவே செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போகும். இரண்டு லீற்றர் கிண்ணத்தில் எங்கே போவது? மீன் தன் கழிவிலேயே கிடக்கும்.

இயற்கை இதற்கும் வழி வைத்திருக்கிறது. வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டிக் கற்களிலும் ஒருவகைப் பக்ரீரியா குடியேறி அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். வேறொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடிதல்ல. கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். ஆனால் இந்தக் குடியேற்றம் நடைபெற நாலு முதல் ஆறு கிழமை செல்லும். இது தெரியாமல்தான் இன்று தொட்டி, இன்றே மீன் என்று வாங்கிப் போகிறவர்களின் மீன்கள் பத்து நாளில் மிதக்கின்றன. என்னோடு வேலைசெய்யும் தாதி ஒருவர் பழைய மீன்காரி. அவர் தம் வீட்டுத் தொட்டியின் பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தந்தார். பத்துக் கலன் தொட்டி, சூடாக்கி, வடிகட்டி எல்லாம் வாங்கி, அந்த அழுக்குப் பஞ்சைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிவந்து வைத்தேன்.

தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு பெட்டி விற்கிறார்கள். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டுமருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அமோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாகும். நைத்திரைற்று இருந்தால் நீலம் ஊதாவாகும். மருத்துவக் கல்லூரியில் பெனடிக்ற் கரைசலோடு சிறுநீரைக் காய்ச்சி, நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று சலரோகத்தை அளந்த காலம் திரும்பிவந்தது போலிருந்தது. முதல் மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் இதைச் செய்தேன். என் குருதிச் சீனியை நான் இவ்வளவு ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்று மனைவி சொன்னார். அவர் சொன்னதை மறுப்பதற்கில்லை.

நைத்திரைற்று என்ன செய்யும்? ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாத வேறொன்றாக மாற்றிவிடும். மீனின் குருதி கபில நிறமாகும்; தண்ணீரில் ஒட்சிசன் நிறைந்திருக்க மீன் மூச்சுத் திணறும். இதை மனிதரில் அறியாத வைத்தியர் இல்லை. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாய்வதைக் கண்டு எழுதினார். கிணற்றிலிருந்த நைத்திரேற்றைக் குழந்தையின் குடல் நைத்திரைற்றாக மாற்றியதே காரணம். எங்கள் குடாநாட்டின் கதையும் இதுவே. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் உள்ள நன்னீர், மேலே தோட்டங்களுக்குப் போடும் பசளை, வளவுக்குள்ளேயே மலசலகூடக் குழி. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகச் சொல்லிவருகிறார்கள். ஊரில் கைக்குழந்தை உள்ள உறவினர் இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் அளவு கூடுமே தவிரக் குறையாது.

நிற்க. மீனைப் பற்றிச் சொல்லவேயில்லை. இது சீயத்துச் சண்டை மீன். பிள்ளைகள் பைற்றர் என்பார்கள். 2019ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்ப்பிராணியாக அறிவித்தது. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டை மூளும். தலைக்குள்ளே செவுளுக்கு மேல் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால், மேலே வந்து காற்றை நேரே விழுங்கி மூச்சுவிடும். கிண்ணத்தில் உயிரோடு கிடந்ததும் அந்த உறுப்பின் தயவால்தான். அதை வாழ்வதென்று சொல்ல மாட்டேன்.

இதே உறுப்புள்ள உறவுக்காரன் எங்கள் குளங்களிலும் உண்டு: பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டார்ப், 1791இல் ஒரு பனையின் மேல் ஐந்தடி உயரத்தில் அந்த மீனைக் கண்டதாக எழுதி, அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டில் வெளிவந்தது. அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பேர்லின் நகர வைத்தியர் புளொக். தரங்கம்பாடி மிஷனரி ஒருவர் அவருக்கு மீன்களை அனுப்பி வந்தார். சண்டை மீனை முதலில் விவரித்தவர் கன்ரர் என்ற டேனிஷ் வைத்தியர். 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரும் நூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பிரான்சிஸ் டே, சென்னைப் பட்டாளத்து வைத்தியர். மீன் பித்துப் பிடித்த முதல் வைத்தியன் நானல்ல என்பதை மனைவிக்கு நிரூபிக்கவே இவ்வளவும் தேடினேன்.

வீட்டில் வேறொரு சிக்கலும் எழுந்தது. மனைவி சுத்த மரக்கறி. மீனோ புழுபூச்சி தின்னும் சாதி, மரக்கறியில் வளராது. குளிர்பெட்டியில் உறைந்த இரத்தப்புழுக்களை எங்கே வைப்பதென்று பெரிய வழக்கு. அவற்றின் சிவப்பு எங்கள் குருதியிலுள்ள அதே ஈமோகுளோபின்தான் என்று நான் விளக்கியது நிலைமையை மோசமாக்கிற்று. இப்போது நிலவறையில் அவனுக்கென்று தனியாகச் சிறு குளிர்பெட்டி. கந்தசட்டி ஆறு நாளும் நாங்கள் விரதம். அவனுக்கு மட்டும் மச்சம்.

தொட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, சாப்பாட்டு மேசையருகே வைத்தேன். அதற்குக் காரணம் அம்மா.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து வருடமாக ஞாபகம் குறைந்துவருகிறது. பேத்தி போனபின் வீடு வெறித்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துவிடுவார். எங்கே போகிறோம் என்பதும் தெரியாது. நிறை 44 கிலோவுக்கு வந்துவிட்டது. 2002இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேர்ட்ஸ், பெக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வொன்றை அப்போது வாசித்தேன். அல்சைமர் நோயுள்ள 62 பேர் சாப்பிடும் கூடங்களில் மீன் தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உண்ட அளவு நாலிலொரு பங்குக்கு மேல் கூடிற்று, நிறையும் கூடிற்று. அலைபவர்கள் இருந்து சாப்பிட்டார்கள். சோர்ந்திருப்பவர்கள் விழித்திருந்தார்கள் என்று அவர்கள் காரணம் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அம்மா இருந்து சாப்பிடத் தொடங்கினார். மீனுக்கு "மயில்" என்று பெயர் வைத்தவரும் அவரே. நிறத்தையும் வாலையும் பார்த்தால் வேறு பெயர் பொருந்தாது. நான் தட்டை வைத்ததும், "தம்பி, அவன் சாப்பிட்டவனோ?" என்று முதலில் கேட்பார். மீன் முன்கண்ணாடிக்கு வந்து நின்றபின்தான் தன் தட்டைத் தொடுவார். இப்போது நிறை 47 கிலோ. இது ஆராய்ச்சியல்ல. ஒரேயொருவர், ஒப்பிட வேறொருவர் இல்லை, அதே காலத்தில் ஒரு மாத்திரையையும் மாற்றினோம். ஆகவே மீனால்தான் என்று நான் எழுதித்தர மாட்டேன். ஆனால் தொட்டியை அந்த இடத்திலிருந்து அசைக்கவும் மாட்டேன்.

மயில் அடிக்கடி மேலே ஒரு மூலையில் எச்சில் குமிழிகளை அடுக்கிக் கூடு கட்டுவான். ஆண் மீன் துணையில்லாவிட்டாலும் இதைச் செய்யும். "ஆருக்கடா இந்த வீடு?" என்று அம்மா அவனைக் கேட்பார். ஒருநாள், பறவை தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் குஞ்சு பொரிக்கும், தீட்சையும் அதுபோல மூன்று விதம் என்று, சிறுவயதில் கேட்ட பிரசங்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அன்று காலை என் பெயர் அவருக்கு வரவில்லை. விஞ்ஞானப்படி மீன் பார்வையால் பொரிப்பதில்லைத்தான். ஆயினும் இந்தச் சாதியில் முட்டைகளைக் காப்பது தகப்பன். கூட்டிலிருந்து விழும் முட்டையை வாயால் பிடித்துத் திரும்ப வைத்துவிட்டு, கண்ணெடுக்காமல் கீழே நிற்கும். அம்மாவின் பிரசங்கி முற்றாகத் தவறில்லை என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்ற பெற்றோருக்கு இனி வருகிறேன். முதலாம் வகைச் சலரோகம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் விசேடமாகக் கவனிக்கவும். 2015இல் டெக்சஸ் மாநிலத்தில் 10 முதல் 17 வயதுள்ள, சீனி கட்டுப்படாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மீன் கொடுத்தார்கள். காலையும் மாலையும் மீனுக்குத் தீன் போடும்போது தன் சீனியையும் பார்க்க வேண்டும். கிழமைக்கொருமுறை தண்ணீர் மாற்றும்போது பெற்றோருடன் இருந்து கணக்கேட்டைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் அவர்களின் ஏ1சி அளவு 0.5 குறைந்தது, மீன் இல்லாத பிள்ளைகளுக்கு 0.8 கூடிற்று. சேர்ந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆகவே பெரிதாக முழங்கக் கூடாது. ஆனால் எத்தனையோ ஏச்சுப் பேச்சை விட மலிவான மருந்து என்று என் அபிப்பிராயம்.

வைத்தியன் என்றபடியால் ஓர் எச்சரிக்கை. தொட்டித் தண்ணீரில் குஷ்டம், சயம் ஆகியவற்றின் கிருமிகளுக்கு உறவான ஒரு கிருமி இருக்கக்கூடும். கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால், சில கிழமை கழித்து விரலில் ஆறாத கட்டிகள் வரலாம். சாதாரண மருந்துக்குக் கேட்காது. காயமிருந்தால் கையுறை போடுங்கள். பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அப்படியொரு கட்டி வந்தால் வீட்டில் மீன் தொட்டி இருப்பதை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடுவார்.

இன்னொன்று. மீன் அலுத்துவிட்டால் குளத்திலோ ஓடையிலோ விடுவது புண்ணியமல்ல. 2015ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி குற்றமுமாகும். சண்டை மீன் முதற்குளிரிலேயே செத்துவிடும். தங்க மீனோ சாகாது. பனிக்கடியில் ஒட்சிசன் அற்ற தண்ணீரிலும், தன் உடம்பில் சேரும் அமிலத்தை மதுசாரமாக்கி வெளியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் உயிர்வாழும். ஹமில்ரன் துறைமுகத்தில் இப்படி விடப்பட்டவை பெருகி, நீர்ப்பூண்டுகளைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. வளர்க்க முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

இப்பொழுது மயிலுக்கு மூன்று வயதாகிறது. இந்த மீன்களின் ஆயுள் இரண்டு முதல் நாலு வருடம். நிறம் மங்குகிறது, மேலே வர முன்னைப்போல விரைவதில்லை. தண்ணீர்மட்டத்தைக் குறைத்து, அவன் இளைப்பாற மேலே ஓர் அகன்ற இலையை வைத்திருக்கிறேன். நண்பர்கள் சொல்கிறார்கள்: "அவன் போனால் இரவோடிரவாக அதே நிறத்தில் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கோ. அம்மாவுக்குத் தெரியவா போகுது?" அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவுக்குத் தெரியும். அவன் வாலின் ஓரத்தில் ஒரு சிறு கிழிசல் உண்டு; வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவது அவர்தான். நாற்பது வயதில் அப்பா போனபோது கொழும்பிலிருந்து வந்த தந்தியை மறைத்து, இரண்டு நாள் அம்மாவிடம் சுகமில்லை என்றுமட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளை அவர் இன்னும் மறக்கவில்லை. ஆகவே மயிலின் நாள் வரும்போது நான் சொல்லிவிடுவேன். மறுநாள் மறந்து மீண்டும் கேட்டால், மீண்டும் சொல்ல வேண்டுமா என்பதுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இதுபோன்ற நிலையை வீட்டில் கண்டவர்கள் என்னோடு பேசினால் நன்றியுடையவனாவேன்.

தொட்டி இப்போது இருபது கலன் ஆகிவிட்டது. மயிலோடு ஆறு செர்ரி பார்ப் மீன்கள் இருக்கின்றன. இவை இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளுக்கே உரிய சிறு செம்மீன்கள்; தெரணியகலை 1929இல் பெயரிட்டவை. ஸ்காபரோக் கடையில் இலங்கை என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் பணப்பைக்குப் போய்விட்டது. அவை பல தலைமுறையாகப் பண்ணையில் பிறந்தவை, ஊரைக் கண்டதேயில்லை. அவற்றின் கீழே வளர்வதும் இலங்கைப் பூண்டுதான், கிரிப்டோகோரைன். நிழலிலும் வளரும்; அடியிலே வேரோடி ஓடிப் புதிது புதிதாகக் கன்று போடும். தொட்டி கொள்ளாத அளவுக்குக் கன்றுகள் இருக்கின்றன. வேண்டியவர்கள் வரும் ஞாயிறு பகற்பூசை முடிந்ததும் பாதணி வைக்கும் இடத்தருகே என்னைச் சந்திக்கலாம். மூடியுள்ள போத்தல் ஒன்று கொண்டுவாருங்கள். வெளியே குளிராக இருந்தால் அதைச் சுற்ற ஒரு துவாயும் எடுத்து வாருங்கள்.